கொலருக்குள்ள இருக்கிற துணி

தம்பிக்கு ஒரு வெள்ளை சேர்ட் தைத்த கதைதான் இது. ஒரு சேர்ட்டுக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பீங்க. உண்மையில் முழு சேர்ட்டைப் பற்றிக்கூட இல்ல, அதன் கொலரைப் பற்றி மட்டும்தான்.

2025 ஜூலை. கெம்பஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். எங்க வீடு நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்தில் மூன்றாவது காம்பிரா. ஜூலையில் எங்க பக்கம் எப்படி இருக்கும் என்று மலையில் இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மற்றவங்களுக்காக: காலையில் மழை, மத்தியானம் பனிமூட்டம், பின்னேரம் திரும்பவும் மழை. துவைத்த உடுப்பு மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அடுப்புக்கு மேல கயிறு கட்டிப் போட்டா காயும். ஆனா அந்தப் புகை மணம் பேராதனை வரைக்கும் கூடவே வரும்.

தம்பி தரம் 10. அந்த வருஷம் மாணவத் தலைவரா தெரிவாகியிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை சின்னம் சூட்டுற விழா. அவனிடம் இருந்தது ரெண்டு சேர்ட், ரெண்டுமே வருஷத் தொடக்கத்தில் டவுனில் ரெடிமேடா வாங்கினது. ஆறு மாதத்துக்குள்ள ரெண்டு கொலரும் கெட்டுப்போயிருந்தது. கிழியல, கறையும் இல்ல. ஆனா மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம், சுடுதண்ணி பட்ட தோல் மாதிரி. முனை ரெண்டும் மேல சுருண்டு நின்றது. டை கட்டினா இன்னும் மோசம், யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அயன் பண்ணிப் பார்த்தான். கஞ்சி போட்டுப் பார்த்தான். யூடியூப் பார்த்து ஐஸ்கட்டி எல்லாம் வைத்தான். கொப்புளம் ஓர் இடத்தில் அமுங்கினா இன்னோர் இடத்தில் எழும்பும்.

அம்மா மலையிலிருந்து வந்து, படங்கைக் கழற்றி வாசலில் தொங்கவிட்டு, அவன் கையிலிருந்த சேர்ட்டை வாங்கினாங்க. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாங்க. பிறகு பிளேடால் ஓரத்துத் தையலை ரெண்டு அங்குலம் பிரித்து, விரலை உள்ளே விட்டு இழுத்தாங்க. உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைத் துணி, வாழைப்பழத் தோல் மாதிரி லேசா உரிந்து வந்தது.

“இது வேகல” என்றாங்க.

“எது வேகல?”

“பசை. அவசர அவசரமா அடிச்சி எடுத்திருக்கான். பதினைஞ்சி செக்கன் வைக்க வேண்டியத ஏழு செக்கன்ல எடுத்துட்டான். இத நீ தலைகீழா நின்னு அயன் பண்ணாலும் சரிவராது.”

அம்மாவின் மெசினில் நான் பார்த்திருப்பது சாரி பிளவுஸ், தலகாணி உறை, அப்பாவின் கிழிந்த காற்சட்டை. கொலர் தைத்து நான் பார்த்ததே இல்ல. ஆனா அந்தப் “பதினைஞ்சி செக்கன்” எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரித்தான் இவ்வளவு நாளும் இருந்தேன்.

அம்மா 1997இலிருந்து 2001 வரைக்கும் கட்டுநாயக்கவில் ஒரு காமன்ட்டில் வேலை செய்தாங்க. கொலர் செக்‌ஷன். இந்த ஒரு வரியை எங்க வீட்டில் யாரும் சத்தமா சொன்னதில்ல. கல்யாணப் பேச்சு வந்தப்ப அப்பாயி வீட்டாருக்குச் சொல்லப்பட்டது, “பொண்ணு கொழும்பில சித்தி வீட்டில இருந்திச்சி” என்று. அப்பாவுக்கு உண்மை தெரியும். அப்பாயிக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்கல. நான் அறிந்துகொண்டது ஒரு போட்டோவிலிருந்து. நாலு பெண்கள், ஒரே மாதிரி மேலாடை, தலையில் துணித்தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. “இது யாரு?” என்று கேட்டப்ப அம்மா போட்டோவை வாங்கிப் பெட்டிக்குள்ள வைத்துட்டாங்க. அதுவே எனக்குப் பதில்.

ஏன் இவ்வளவு மறைப்பு என்று உங்களில் பலருக்குத் தெரியும். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கின காலத்திலிருந்தே அங்க வேலைக்குப் போன பெண்களுக்கு ஊர் ஒரு பட்டம் வைத்திருந்தது. ஜூகி. அது ஒரு ஜப்பான் தையல் மெசினின் பேர். மெசின் பேரைச் சொல்லியே பெண்ணை ஏசுவாங்க. மணமகள் தேவை விளம்பரத்திலேயே காமன்ட் பெண்கள் வேண்டாம் என்று போட்ட காலமும் இருந்தது. தனியா போடிங்கில் இருக்கிறவ, சம்பளம் கையில் வாங்குறவ, ராத்திரி ஓவர்டைம் முடித்து நடந்து வாறவ. வேறென்ன குற்றம் வேணும்?

இதில் எனக்கும் பங்கு இருக்கு. ரெண்டாம் வருஷத்தில் ஒரு லெக்சரில் இதே வலயத்தைப் பற்றிப் பாடம். திரையில் வரிசையா மெசின், வரிசையா பெண்கள். “இங்க யாருடைய வீட்டிலாவது இந்த வேலை செய்தவங்க இருக்காங்களா?” என்று கேட்டாங்க. ரெண்டு சிங்களப் பிள்ளைகள் கை தூக்கினாங்க. நான் குனிந்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அதே நான்தான், முதல் வருஷ அறிமுகத்தில் எழும்பி நின்று “எங்கம்மா கொழுந்து பறிக்கிறாங்க” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவ. அதுக்குக் கைதட்டும் விழுந்தது.

இதைப் பற்றி யோசிக்க யோசிக்க எரிச்சலா இருக்கு. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க. எவ்வளவு கவிதை, எவ்வளவு ஓவியம்! எல்லாவற்றிலும் கூடை தூக்கின பெண். அவங்க அங்க இருக்கத்தான் வேணும். ஆனா எங்க லயத்தில் மட்டும் என் அம்மா வயசுக்காரங்க ஐந்து பேர் காமன்ட்டுக்குப் போய் வந்தவங்க. கூடைக்குப் பாட்டு இருக்கு, நாடகம் இருக்கு. ஜூகிக்கு எங்க ஊரில் ஏச்சு மட்டும்தான் இருக்கு. நாங்க பெருமைப்படுறதுக்கும் ஒரு அனுமதிப் பட்டியல் வைத்திருக்கோம் போல.

சரி, கொலருக்கு வருவோம்.

பாடசாலையில் கொடுத்த சீருடைத் துணி பெட்டிக்குள்ள மடித்தபடியே கிடந்தது. 1993இலிருந்து அரசாங்கம் இலவசமா கொடுக்கிற துணி. 2025க்கான துணி சீனா நன்கொடையா தந்தது. தைக்கக் கொடுத்தா டவுன் டெய்லரிடம் ஒரு மாதம் காத்திருக்கணும் என்றுதான் ரெடிமேட் வாங்கியிருந்தாங்க. அம்மா அந்தத் துணியை எடுத்து முதலில் செய்த வேலை, சுடுதண்ணியில் ஊறப்போட்டது.

“தைக்க முந்தியே துவைக்கிறியாம்மா?”

“துணி சுருங்குறதா இருந்தா இப்பவே சுருங்கட்டும். தைச்ச பிறகு சுருங்கினா கொலர்தான் மொதல்ல காட்டிக்கொடுக்கும்.”

இதுதான் விஷயமே. கொலர் என்பது ஒரு துணி இல்ல, மூன்று துணி. மேல ஒன்று, கீழ ஒன்று, நடுவில் யாருக்கும் தெரியாத ஒன்று. நடுவில் இருக்கிறதை அம்மா கன்வஸ் என்பாங்க. மேல் துணி ஓர் அளவு சுருங்கி, உள் துணி வேறோர் அளவு சுருங்கினா, கூடுதலா இருக்கிறது எங்கயாவது போகணும்தானே? அது கொப்புளமா எழும்பும். பசை சரியா பிடிக்காத இடத்தில் முதலில் எழும்பும். கஞ்சி போட்டு இதைச் சரிபண்ண முடியாது. கஞ்சி ஒரு துவையல் வரைக்கும்தான்.

மழையில் அந்தத் துணி காய ஒன்றரை நாள் போனது. அந்த ஒன்றரை நாளில் அம்மா கடதாசியில் கொலர் அளவு வெட்டினாங்க, அட்டன் பஸ்ஸில் என்னை அனுப்பி கன்வஸ் வாங்கிவரச் சொன்னாங்க. கடையில் ஒட்டுறது, ஒட்டாதது என்று ரெண்டு வகை இருந்தது. போனில் கேட்டேன். “ரெண்டும் அரை யார் வாங்கிட்டு வா. ஒட்டுறத நகத்தால சுரண்டிப் பாரு, மணல் மாதிரி பொடி பொடியா ஒரே சீரா இருக்கணும். சில எடத்தில கட்டியா, சில எடத்தில வெறுமையா இருந்தா வாங்காத” என்றாங்க. நான் சுரண்டுறதைப் பார்த்துக் கடைக்காரர், “டெய்லர் வேலையா தங்கச்சி?” என்று கேட்டாரு. “அம்மா காமன்ட்ல இருந்தவங்க” என்றேன். வாயிலிருந்து தானா வந்தது. கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் பொத்தான் எண்ணப் போயிட்டாரு. ஒன்றுமே நடக்கல. திரும்பி வாற பஸ்ஸில் டிக்கோயா தாண்டும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரிதான் அம்மா பேசத் தொடங்கினாங்க. நான் கேட்டதாலா, கையில் கத்தரிக்கோல் இருந்ததாலா தெரியல.

லைனில் மொத்தம் எத்தனை பேர், யார் யார் எங்க இருப்பாங்க என்று தரையில் சோக் கட்டியால் கீறிக் காட்டினாங்க. (லயத்திலிருந்து லைனுக்குப் போனேன் என்று அம்மா சொன்னப்ப அப்பா மட்டும் சிரித்தாரு.) வெட்டின துண்டு பியூசிங் மெசினுக்குப் போகும். அது சூடான பெல்ட், ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் ஒட்டி வரும். அங்கிருந்து அம்மாவிடம். அம்மாவின் வேலை “கொலர் ரன்”. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, மூன்று பக்கம் தையல். ஒரு கொலருக்கு அரை நிமிஷம்கூடக் கிடையாது. அடுத்தவ முனையை வெட்டித் திருப்புவா. அதுக்கடுத்தவ அமுக்குவா. அதுக்கடுத்தவ மேல் தையல். நாலு வருஷத்தில் அம்மா ஒரு முழு சேர்ட்கூட தைத்ததில்ல. கொலரின் மூன்று பக்கம் மட்டும், நாளெல்லாம்.

“அப்ப மத்ததெல்லாம் எப்படித் தெரியும்?”

“முன்னுக்கு இருக்கிறவ முதுகையும், பின்னுக்கு இருக்கிறவ குரலையும் பார்த்துட்டே நாலு வருஷம் இருந்தா தெரியாமப் போகுமா?”

அம்மாவுக்கு இந்த வேலையின் சொற்கள் பாதி இங்கிலீசில், பாதி சிங்களத்தில்தான் வரும். தமிழில் சொல்லச் சொன்னா தடுமாறுவாங்க. அந்த லைனில் தமிழ் பேசினவங்க நாலு பேர். அதே போட்டோவில் இருக்கிற நாலு பேர்.

ஏன் வேலையை விட்டாங்க என்றும் அன்றைக்குத்தான் கேட்டேன். 2001 ஜூலை 24, விடியற்காலை கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். போடிங் அங்கிருந்து தூரம் இல்ல. சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்ததாம். விடிந்ததும் போடிங்காரம்மா, சிங்களவங்க, ஓடிவந்து நாலு பேரையும் பொட்டை அழிக்கச் சொல்லி, உள் அறையில் இருக்கச் சொல்லி, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துட்டாங்களாம். “என் பிள்ளைகள்” என்று கேட்டவங்களுக்குச் சொன்னாங்களாம். ரேடியோவில் செய்தி கேட்ட தாத்தா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாரு. அம்மா அந்தக் காட்சியைச் சொன்ன விதம்தான் என்னால் மறக்க முடியல. தாத்தா அழுதாரா, என்ன பேசினாரு, ஒன்றும் சொல்லல. “அவருகிட்ட இருந்த ஒரே வெள்ளை சேர்ட்ட போட்டு வந்திருந்தாரு. மழையில நனைஞ்சி கொலர் ரெண்டு பக்கமும் படுத்துப் போச்சி. எனக்கு அதைப் பார்க்கத்தான் ஏலல” என்றாங்க.

அந்த சேர்ட்டுக்கு ஒரு கதை உண்டு. தாத்தா பிறந்தது இங்க, வளர்ந்தது இங்க, கவ்வாத்து வெட்டினது இங்க, ஆனா பாதி வாழ்க்கை நாடற்றவரா இருந்தாரு. 1988 சட்டத்துக்குப் பிறகுதான் குடியுரிமை. அடையாள அட்டைக்குப் போட்டோ பிடிக்கணும் என்றதும் அம்மாயி சேர்ட் தைத்துக் கொடுத்தது. கன்வஸ் வாங்கக் காசில்ல. கோதுமை மா மூட்டையின் துணியைத் துவைத்து, எழுத்துப் போகும் வரைக்கும் கல்லில் அடித்து, ரெண்டு மடிப்பா கொலருக்குள்ள வைத்துத் தைத்தது. அந்த அட்டை இன்னும் எங்க வீட்டில் இருக்கு. எடுத்துப் பார்த்தேன். அடையாள அட்டைப் போட்டோவில் ஒரு மனுஷனின் உடுப்பில் என்ன தெரியும்? கொலர் மட்டும்தான். சேர்ட் கிழிந்திருந்தாலும் தெரியாது, கீழ சாரம் கட்டியிருந்தாலும் தெரியாது. தாத்தாவின் கறுப்பு வெள்ளை முகத்துக்குக் கீழ அந்தக் கொலர் பலகை மாதிரி நிற்குது.

அம்மாயிக்குக் காமன்ட் தெரியாது, பியூசிங் தெரியாது. ஆனா அது வைத்த மாமூட்டைத் துணி பசையில்லாதது. தையலில் மட்டும் பிடித்திருக்கிற துணி கொப்புளம் போடாது, ஏன் என்றா உரிந்து வர அங்க ஒட்டினதே எதுவும் இல்ல. குறை என்ன என்றா விறைப்பு கம்மி. மழை பட்டா படுத்துடும், கஞ்சியும் அயனும் ஒவ்வொரு தடவையும் வேணும். ஒட்டுற கன்வஸில் விறைப்பு உண்டு, ஆனா பசையைக் காமன்ட் மெசின் மாதிரி வீட்டு அயனால் பிடிக்கவைக்க முடியாது. சூடு கிடைக்கும், அந்த அமுக்கம் கிடைக்காது. அதனால் அம்மா ரெண்டையும் சேர்த்தாங்க. மேல் கொலருக்கு ஒட்டுற கன்வஸ். முனை ரெண்டுக்கும் மட்டும் ஒட்டாத கன்வஸில் சின்ன முக்கோணம், மேல் தையலில் மாட்டுற மாதிரி. ஒருவேளை பசை விட்டாலும் முனை சுருளாது. மாமியாருக்குத் தெரியாத வேலையும் அம்மாயிக்குத் தெரிந்த வேலையும் ஒரே கொலருக்குள்ள.

சனிக்கிழமை பின்னேரம் ஒட்டுற வேலை. முதலில் ஓரத்துத் துண்டு ஒன்றில் ஒட்டி, ஆறவைத்து, பிய்த்துப் பார்த்தாங்க. இலேசா வந்தது. சூட்டைக் கூட்டினாங்க. துணி மஞ்சளாகாம, பசை மேல கசியாம, பிய்த்தா நூலோட வாற அளவு வந்ததும் நிறுத்தினாங்க. மேசையில் போர்வை இல்ல, பலகை. மெத்தென்று இருந்தா அமுக்கம் உள்ளே போயிடுமாம். கன்வஸுக்கு மேல ஈரம் பிழிந்த மெல்லிய துணி. அயனை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கணும். அம்மா ரெண்டு கையையும் வைத்து, பாதம் தரையை விட்டு எழும்ப, முழு எடையையும் கொடுத்து அமுக்கினாங்க. அமுக்கிக்கொண்டே எண்ணினாங்க.

எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ...

சிங்களத்தில். பஹலொவ வரைக்கும். தூக்கி அடுத்த இடத்தில் வைத்துத் திரும்பவும் எக்க, தெக்க. தம்பி என்னைப் பார்த்தான். அம்மா எங்களைப் பார்க்கல. 24 வருஷத்துக்கு முந்தி விட்ட வேலை, அந்தக் கணக்கு வேற மொழியில் அப்படியே உள்ளே இருந்திருக்கு.

ஒட்டினதும் எடுக்க விடல. “சூட்டோட தூக்கினா வளைஞ்சி நிக்கும். ஆறட்டும்.” அந்த நேரத்தில் போனில் தேடி, அம்மாவுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினேன். அமெரிக்காவில் ட்ராய் என்று ஒரு நகரம். 1827இல் ஹன்னா மொன்டேக் என்ற பெண், கணவருடைய சேர்ட்டில் கொலர் மட்டும்தானே அழுக்காகுது என்று கொலரைத் தனியா வெட்டி எடுத்துத் துவைத்தாவாம். அதிலிருந்து கழற்றி மாட்டுற கொலர் வந்து, அந்த ஊருக்கே கொலர் நகரம் என்று பேராகிவிட்டது.

“கொலர மட்டும் கழட்டித் துவைக்கிறதா? நல்ல மூளை. இந்த மழைக்கு நமக்குத்தான் அது வேணும்.”

அந்தக் கொலர்களைக் கழுவி, கொதிக்கிற கஞ்சியில் போட்டு, சுடுகிற அயனில் தேய்த்தவங்க எல்லாம் பெண்கள், நிறையப் பேர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவங்க. 1864இல் கேட் முல்லானி என்ற பெண் தலைமையில் சங்கம் வைத்து, சுமார் 300 பேர் வேலையை நிறுத்தினாங்க. ஒரு வாரத்துக்குள்ள முதலாளிமார் இறங்கி வந்துட்டாங்க.

“எவ்வளவு கூடுச்சி?”

“இருபத்தஞ்சி வீதம்.”

“ஒரேயடியாவா?” என்று கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு கிழமையிலயா?” என்றாங்க. நம்ம ஆட்கள் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் கத்தினாங்க என்று ரெண்டு பேருக்குமே ஞாபகம் வந்திருக்கும். அதைப் பேசல.

தையல் ஞாயிற்றுக்கிழமை. இதை விரிவா எழுதச் சொன்னது அம்மாதான், “யாராவது தைச்சிப் பார்க்கிறதா இருந்தா உதவும்” என்று. கீழ்க் கொலரை மேல் கொலரைவிட அரை நூல் குறைவா வெட்டணும். அப்பத்தான் ஓரத் தையல் அடிப்பக்கம் போய் ஒளியும், கொலரும் கழுத்துப் பக்கம் தானா குனியும். கன்வஸ் தையல் ஓரத்துக்குள்ள போகக் கூடாது, முனையில் அதைச் சாய்வா வெட்டிவிடணும். இல்லாட்டி திருப்பினப்ப முனை உருண்டையாகிடும். தையல் முனைக்கு வந்ததும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தி, ஒரே ஒரு தையல் குறுக்கே போட்டுத் திரும்பணும். கூர்முனைக்குக் குறுக்குத் தையலா என்று எனக்கு ஆச்சரியம். அதுதான் கூராக நிற்கும் என்றாங்க, அப்படித்தான் நின்றது. திருப்புறப்ப கத்தரிக்கோல் நுனியால் தள்ளக் கூடாது, ஓட்டையாகும். நான் தள்ளினேன், ஓட்டையானது. இன்னொரு கொலர் வெட்டினோம். ரெண்டாம் தடவை அம்மா முனைக்குள்ள ஒரு நூலை முன்னாடியே மாட்டிவைத்து, திருப்பினதும் அந்த நூலை மெதுவா இழுத்தாங்க. முனை, கொழுந்து மாதிரி வெளியே வந்தது. அம்மாவிடம் இந்த உவமையைச் சொன்னேன். “கொழுந்து இப்பிடி வெறைப்பா இருந்தா முத்தின எல, கணக்கப்பிள்ள வாங்க மாட்டாரு” என்றாங்க. என் இலக்கியம் அவ்வளவுதான்.

கடைசியா கால் அங்குலம் உள்ளே மேல் தையல். அதில்தான் முக்கோணமும் மாட்டும். பிறகு பட்டியில் ஏற்றி, கழுத்தில் வைத்து முடித்தாங்க. சேர்ட்டின் மற்ற பாகங்கள், கை, பை, பொத்தான், எல்லாம் பாதி நாளில் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்ல.

தம்பிக்குச் சட்டதிட்டம் போடப்பட்டது. பீலிக் கல்லில் கொலரை அடிக்கக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, பிரஷால் ஒரே பக்கமா தேய்க்கணும். கொலரைத் தூக்கிவிட்டுக் காயப்போடணும். அடுப்புக்குக் கிட்டப் போடக் கூடாது, பசை இளகும். அயன் பண்ணுறப்ப முனையிலிருந்து நடுவுக்கு வரணும், நடுவிலிருந்து முனைக்குப் போனா மிச்சத் துணி எல்லாம் முனையில் சேர்ந்து சுருங்கும். இதையெல்லாம் அவனே செய்யணும் என்பதும் ஒரு சட்டம், அது நான் போட்டது. அம்மா “பாவம் புள்ள” என்று இழுத்தாங்க. விடல.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு அம்மா ஒரு நாள் பேரை விட்டுட்டு வந்தாங்க. கூட்டத்தில் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா, அவங்களும் எங்க டிவிசன்தான், தம்பி மேடையேறினப்ப, “சேர்ட் எங்க வாங்கினீங்க?” என்று கேட்டாங்க. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாங்க.

“நான்தான் தைச்சேன். காமன்ட்ல கொலர்லதானே இருந்தேன்.”

அந்த அக்கா கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தாங்க. பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் பியகம. பொக்கட் செக்‌ஷன்” என்றாங்க. ஒன்பது வருஷமா ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவங்க ரெண்டு பேரும். விழா முடியும் வரைக்கும் ரெண்டு பேரும் டார்கெட், சுப்பவைசர், போடிங் சாப்பாடு என்று பேசி முடிக்கல. தம்பிக்குச் சின்னம் குத்தினதை அம்மா சரியா பார்த்தாங்களா என்றே எனக்குச் சந்தேகம்.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “என் பேரப் போடாத. அப்பாயி வீட்டாளுங்க வாசிப்பாங்களா?” என்றாங்க. வாசிக்க மாட்டாங்க என்றேன். “வாசிச்சா வாசிக்கட்டும்” என்றாங்க, பிறகு.

சேர்ட் இப்ப இருபது துவையல் தாண்டிடுச்சி. நேற்று வீடியோ கோல் எடுத்தப்ப தம்பி பாடசாலை விட்டு வந்து அப்படியே உட்கார்ந்திருந்தான். அம்மா போனை அவன் கழுத்துக்கிட்ட கொண்டுபோய், முகத்தை விட்டுட்டு, கொலரை மட்டும் எனக்குக் காட்டினாங்க. கொப்புளம் ஒன்றுகூட இல்ல. எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரிந்தது.

“இடது பக்க முனை அரை நூல் கூட” என்றாங்க. “நீ தைச்ச பக்கம். லீவுக்கு வந்து பிரிச்சித் தை.”